பொன்னுச்சாமியின் பல்லுக்குள் ஒரு பிறை

— புடுங்கிப் போட்ட பல்லப் போயி யாராச்சும் படம் எடுப்பாகளா மாமா?

— எடுத்துட்டாங்க பூவாயி. ஒன் போனுக்கு அனுப்பிருக்கேன், தொறந்து பாரு.

— ஆத்தாடி! கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள செவப்பா என்னமோ ஓடுது.

— அதுதான் புள்ள, வேருக்குள்ள நரம்பு போற வழி. கம்ப்யூட்டர்ல கலரு குடுத்துருக்காங்க.

— புடுங்குறதுக்கு முன்னாலயே எக்ஸ்ரே எடுத்தாகன்னீகளே. அதுல தெரியலயாக்கும்?

— அது வெறும் நெழலு புள்ள. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சுக்கிரும். பல்லுதான் அடிவரைக்கும் வெடிச்சுப்போச்சே, காப்பாத்த முடியல. புடுங்குனதும் இங்க பல்லு பாக்குற பானுமதி டாக்டரு வேரப் பாத்துட்டு, “பொன்னுச்சாமி, இத எங்க காலேஜுக்குக் குடுப்பீங்களா”ன்னு கெஞ்சாத கொறையாக் கேட்டாங்க.

— தூக்கிக் குடுத்துட்டீகளா?

— குப்பைக்குப் போறதுதான? அங்க ஒரு மெஷினு. பல்ல நிக்க வச்சு, சுத்தவிட்டு, எல்லாப் பக்கமும் எக்ஸ்ரே எடுத்து, அம்புட்டையும் சேத்து முழுப் பல்லாக் காட்டுது. எங்க கம்பெனிச் சூளையில டைல்ஸ் வேகுற நேரம், ஒரு மணி நேரம் ஆவுமாம்.

— அப்புடி என்ன அதிசயம், ஒங்க பல்லுல?

— மத்தவங்களுக்குத் தனித்தனி வழியாம். எனக்கு எல்லாம் ஒண்ணாச் சேந்து பிறை கணக்கா வளைஞ்சிருக்காம். படிக்கிற புள்ளைங்க அதப் பாத்துத்தான் பழகுதுங்க. கேம்ப்ல எங்கூடத் தங்கியிருக்குற பாகிஸ்தான்காரன் என்னைய ‘சாந்த் பாய்’ங்கிறான். நிலா அண்ணனாம்!

— க்கும், நிலா! கல்யாண போட்டோவுல கண்ண மூடிக்கிட்டு நின்ன ஆளு. பல்லாச்சும் ஒழுங்கா நின்னுச்சே.

— சிரி, நல்லாச் சிரி. இப்புடி நீ சிரிச்சு எம்புட்டு நாளாச்சு. அதான் புள்ள, ஒரு முடிவு பண்ணிட்டேன். பொங்கலுக்கு வந்ததோட சரி, அடுத்த லீவு வேணாம்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடப் போறேன்.

— ஏன் மாமா?

— ஊருக்கு வந்தா என்ன? இந்தக் கோயிலு, அந்த ஆஸ்பத்திரி. பாக்குறவங்க எல்லாம் ‘விசேஷம் உண்டா’ங்கும். நீ அடுப்படியில போயி அழுவ. கலாஸ், போதும். ஒனக்கு நான், எனக்கு நீ.

— சொல்லிட்டீகளா?

— காலையில டூட்டிக்குப் போனதும் சொல்லணும். ஏ புள்ள, அழுவுறியா?

— இல்ல மாமா. நானும் ஒரு படம் அனுப்புறேன், பாருங்க. இன்னைக்குப் பரமக்குடி ஆஸ்பத்திரியில எடுத்தது. சொல்லத்தான் போன எடுத்தேன், நீங்க பல்லப் புடிச்சுக்கிட்டு விடல.

— இரு, ரூமுக்குள்ள சிக்னல் மாஃபி, கெடைக்காது. வெளிய வாரேன்... ஆங், வந்துருச்சு. என்னாடி இது, கறுப்பா, மங்கலா, நடுவுல வெள்ளையா வளைஞ்சுக்கிட்டு? ஒனக்கும் பல்லு வலியா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே! இது எந்தப் பல்லு?

— பல்லு மொளைக்க இன்னும் நாளு கெடக்கு மாமா. மொதல்ல அது பொறக்கணும்ல?