தம் மேசைக்கே நோட்டீஸ் ஒட்டிய அம்மையாருக்கு

தேங்கிய நீரெல்லாம் திகைத்து நடுங்கத் தெருத்தெருவாய் நடந்த திருமகளே! பூந்தொட்டியின் அடித்தட்டையும் புரட்டிப் பார்க்காமல் புறப்பட்டறியாத புண்ணியவதியே! கொசுவின் குலத்தைக் குழந்தைப் பருவத்திலேயே குறிவைத்த குணக்குன்றே! நகர் நலவாரியத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராய்ச் சுற்றிச் சுழன்று, இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு ஓய்வு பெறும் எங்கள் அம்மா அவர்களே! வணக்கம்.

மேற்கண்ட வரிகள் முந்தைய பிரிவுபசார மடல்களைப் பார்த்து எழுதியவை. இனி வருபவை எங்கள் சொந்தச் சரக்கு. அடுக்குமொழி குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். அவருக்குத் தெரிந்த அலங்காரம் தேதியும் நேரமும்தான்.

அம்மா! நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே வீடுகளுக்குள் வாளிகள் கவிழும் ஓசை கேட்கும். ஒரு கையில் டார்ச் விளக்கு, மறு கையில் நீண்ட பிடி போட்ட வெள்ளை அகப்பை, தோள் பையில் நோட்டீஸ் கட்டு. ஒரே ஒரு கொசுப்புழு அகப்பையில் நெளிந்தாலும் போதும், வாசற்கதவில் மஞ்சள் நோட்டீஸ் ஏறிவிடும். வாரியத்தின் பலகையில் ஒரு வாரத்துக்குப் பெயர் தொங்கும். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமே உங்களிடம் இல்லை. நம் சுகாதார அலுவலர் புது வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தபோது நாங்களெல்லாம் பரிசோடு போய்ச் சாப்பிட்டு வந்தோம். நீங்கள் பிரிட்ஜின் பின்தட்டை இழுத்துப் பார்த்து, அவர் மனைவியிடமே நோட்டீஸுக்குக் கையெழுத்து வாங்கி வந்தீர்கள். பரிசும் கொடுத்தீர்கள் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறோம்.

இத்தனை ஆண்டுகளில், போன வாரம் வரை, தவற்றுக்கு விளக்கம் கேட்டு உங்களுக்கு ஒரு மெமோ கூட வந்ததில்லை. இதை நீங்கள் அடக்கத்தோடு மறைத்து வைத்தீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது, "முப்பத்திரண்டு வருஷம், ஒரு மெமோ கிடையாது, தெரிஞ்சுக்கோங்க" என்று எங்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் பேனாவை வைப்பீர்கள். சொல்லும் தகுதி உங்களுக்கு இருந்தது. ஆளுக்கு நான்கைந்து மெமோ வைத்திருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

அலுவலகத்துக்கு எதிர்வீட்டுத் தையற்காரருக்கும் உங்களுக்கும் ஏழாம் பொருத்தம். பத்து ஆண்டில் அவருக்குப் பதினொரு நோட்டீஸ். "கொசு என்னைத்தான் கடிக்குது, நோட்டீஸும் எனக்கேவா?" என்று அவர் தெருவைக் கூட்டுவார். அவருடைய கத்தரிக்கோலைவிட நாக்குக் கூர்மை. உங்கள் நாக்கும் மழுங்கியதன்று. கொல்லைப்புறத்து நீல டிரம்மை மட்டும் அவர் ஒருநாளும் உங்களைப் பார்க்க விட்டதில்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் உங்களோடு பேசுவார்.

இனி, அந்தக் குடுவை. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எங்களில் நால்வர் சொன்னார்கள். நீங்கள்தான் விடக்கூடாது என்றீர்கள்.

உங்கள் மேசையில், ஜன்னலோரமாக, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று கண்ணாடிக் குடுவையில் உயிருள்ள கொசுப்புழுக்களை வளர்த்து வந்தீர்கள். வாய்க்கு வலைத்துணி கட்டியிருக்கும். அவை இறக்கை முளைத்துக் கொசுவாகுமுன், நான்கு நாளுக்கொருமுறை கொட்டி அழித்துவிட்டுப் புதியவற்றை விட வேண்டும். எட்டு ஆண்டுகள் அப்படியே செய்தீர்கள். பிறகு மகளின் பிரசவத்துக்காக இருபது நாள் விடுப்பில் போனீர்கள். போகுமுன் நாங்கள் செய்ய வேண்டிய பத்தொன்பது வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தீர்கள். முத்திரை மை அட்டையை வெயிலில் வைக்கக் கூடாது என்பது கூட அதில் இருந்தது. குடுவை இல்லை. உங்களுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதை யாராவது பட்டியலில் எழுதுவார்களா?

பட்டியலில் இல்லாததால் நாங்களும் தொடவில்லை. நகர் நலவாரியத்தின் பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஒன்பது பேர் அந்தக் குடுவையை நாள்தோறும் பார்த்தோம். "நல்லா வளருது" என்று பாராட்டவும் செய்தோம். ஒருநாள் பார்த்தால் குடுவைக்குள் ஒன்றும் அசையவில்லை. செத்துப்போய்விட்டன போலும் என்று வருந்தினோம். அம்மா வந்தால் திட்டுவார்களே என்று பயந்தோம். அவை சாகவில்லை.

பேத்தியைக் கொஞ்சிய கையோடு நீங்கள் திரும்பியபோது தெருவில் ஐந்து வீடுகளில் காய்ச்சல். தையற்காரரின் ஏழு வயது மகள் மருத்துவமனையில் கிடந்தாள். நீங்கள் பையைக் கூட வைக்காமல் நேரே அவர் வீட்டுக்குத்தான் போனீர்கள். அவர் டிரம்மின்மேல் உட்கார்ந்திருக்கவில்லை; வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி தேங்கலைம்மா, சத்தியமா சொல்றேன்" என்றார். "பதினொரு தடவையும் இதைத்தானே சொன்னீங்க? உங்க அலட்சியத்தாலதான் புள்ள படுத்துக் கிடக்கு" என்று தெருவே கேட்கச் சொன்னீர்கள். அவர் எழுந்து மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

சுவர் வரைபடத்தில் காய்ச்சல் வீடுகளுக்கு ஐந்து சிவப்பு ஊசிகள் குத்தினீர்கள். அவை வட்டமாக நின்றன. வட்டத்தின் நடுவில், நாங்களே அழகுக்காக ஒட்டிய தங்கக் காகிதப் பூ. அந்தப் பூவுக்கு அடியில் இருந்தது நம் அலுவலகம். நீங்கள் திரும்பிக் குடுவையைப் பார்த்தீர்கள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். உள்ளே, கொசுவாகிப் பறந்துவிட்ட புழுக்கள் உரித்துப்போட்ட வெறுந்தோல்கள் மிதந்தன. வலைத்துணியின் ஓரத்தில் சுண்டுவிரல் நுழையும் கிழிசல்.

குடுவையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எங்கள் பதிவறைக்காரர் மெல்லக் கிட்டே வந்து, "குடுங்கம்மா, கழுவிக் கவுத்து வச்சுடறேன்" என்றார்.

"கழுவலாம். அதுக்கு முன்னாடி எண்ணிடலாம்" என்றீர்கள். எண்ணினோம். தோல் முப்பத்தாறு.

நோட்டீஸ் கட்டைப் பிரித்து, இடம் என்ற கட்டத்தில் நம் அலுவலகத்தையும், பொறுப்பாளர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரையும் எழுதினீர்கள். செய்தி எட்டி அலுவலர் ஓடிவந்தார். வீட்டு பிரிட்ஜுக்கு நோட்டீஸ் வாங்கிய மனிதர். பழி தீர்க்க இதைவிட நல்ல நாள் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவர் கெஞ்சினார்.

"நீங்க ரிட்டயராக இன்னும் அஞ்சு நாள்தாம்மா. இது பதிவேட்டுல ஏறினா நான் மெமோ குடுத்தே ஆகணும். முப்பத்திரண்டு வருஷம் பாழாப் போயிடும். அஞ்சு நாள் கண்ணை மூடிக்கங்க."

"கண்ணை மூடிக்கிட்டா நான் எப்படி சார் புழுவைப் பாக்கறது?" என்று கேட்டீர்கள். நோட்டீஸை உங்கள் மேசையின் முகப்பில், பசை தடவி, நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினீர்கள். வாசல் பலகையில் உங்கள் பெயரை நீங்களே எழுதினீர்கள். அன்றே அலுவலகம் முழுக்க மருந்து அடிக்க வைத்தீர்கள். ஒன்பது பேரும் இருமிக்கொண்டே ஒத்துழைத்தோம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் உங்களுக்குக் கடினமாக இருந்திருக்கும். தையற்காரரின் மகள் வீடு திரும்பிய அன்று தெருவைக் கடந்து போனீர்கள். நாங்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தோம்.

"உங்க வீட்டுல இல்லைங்க. எங்க ஆபீஸ்ல வளர்ந்தது. என் மேசையில, நான் வளர்த்தது. தெரு கேக்க உங்களைத் திட்டினேன். தெரு கேக்கவே சொல்றேன், தப்பு என்னுது. என்னை மன்னிச்சுடுங்க" என்று உரக்கச் சொன்னீர்கள்.

தையற்காரர் வாயைத் திறந்தார். பத்து ஆண்டாகச் சேர்த்து வைத்ததெல்லாம் இப்போது கொட்டப்போகிறது என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள வாங்க. பாப்பா எந்திரிச்சு உக்காந்திருக்கா." நீங்கள் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது, "வந்தது வந்தீங்க, அந்த டிரம்மையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுங்கம்மா" என்றார். பார்த்தீர்கள். மூன்று புழு இருந்தது. மன்னிப்புக் கேட்ட ஈரம் காயுமுன்னே பன்னிரண்டாவது நோட்டீஸை எழுதினீர்கள். அதை ஒட்டுவதற்குத் தையற்காரரே பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். இதோ, இந்த விழாவின் முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

மெமோ வந்தது. "ஆம், கவனக்குறைவு என்னுடையது" என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள். கண்டிப்பு என்று சிவப்பு மையில் ஒரு வரி உங்கள் பணியேட்டில் ஏறிய பிறகே ஓய்வு ஆணையில் கையெழுத்தானது. மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேனாவை வைத்தீர்கள். அந்த அமைதி எங்களைக் குத்திக் கிழித்துவிட்டது, அம்மா.

நீங்கள் நூறாண்டு கடந்தும் நோய் நொடியின்றி, நடை தளராமல், பார்வை மங்காமல் வாழ வேண்டும். பேத்தியின் மழலையில் மகிழ வேண்டும். மகள் வீட்டுப் பூந்தொட்டிகளுக்கு வாரம் ஒருநாளாவது விடுமுறை தர வேண்டும். இவையே எங்கள் வேண்டுதல்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தக் குடுவையைத் தினமும் பார்த்தவர்கள் ஒன்பது பேர். உங்கள் மேசையில் இருந்த நோட்டீஸிலோ ஒரே ஒரு பெயர். நேற்று மாலை நீங்கள் கிளம்பிய பிறகு, பொறுப்பாளர் கட்டத்தில் உங்கள் பெயருக்குக் கீழே நாங்களும் எங்கள் பெயர்களை எழுதினோம். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினோம். "ஒன்பது மெமோ நான் எப்ப எழுதி முடிக்கறது?" என்று அலுவலர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எழுதிவிட்டார்.

இங்ஙனம்,
இன்று காலை தலைக்கு ஒரு மெமோ பெற்றுக்கொண்டு, உங்களோடு ஒரே நோட்டீஸில் பெயர் சேர்ந்ததில் பெருமை கொள்ளும்
நகர் நலவாரிய ஊழியர்கள் ஒன்பது பேர்.