காது மெக்கானிக்

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று உங்கள் ஜீப்பில் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது, ஒவ்வொரு திருப்பத்திலும் இடது பின்பக்கம் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது. சீக்கிரம் பார்த்துவிடுங்கள். பின்கதவின் கொண்டி லூஸ், அவ்வளவுதான் என்று உங்கள் டிரைவர் சொன்னார். பாவம், அவருக்கு ஓட்டத்தான் தெரியும்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நாளை என் வக்கீல் உங்களிடம் ஒரு மனு கொடுக்கப்போகிறார். நகலை எனக்குக் காட்டினார். பதினோரு பக்கத்தின் சுருக்கம் இதுதான்: என் கட்சிக்காரருக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, டி.வி.யில் அவர் பேசியதெல்லாம் அவருடைய மைத்துனர் காதில் ஓதியது. ஆகவே அந்த மைத்துனர் வேனுக்கு அடியில் நசுங்கி இறந்ததில் இவருக்கு எந்த உள்நோக்கமும் இருந்திருக்க முடியாது. ‘கிளிப்பிள்ளை’ என்ற வார்த்தையை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார்.

“இதோட உங்கள விட்டுருவாங்க. நீங்க வாயத் திறக்காம இருந்தா போதும்” என்றார், வாயைத் திறந்தே பிழைத்தவனிடம்.

அந்த மனு தவறு. அதைத் திருத்துவதற்காகத்தான் இது.

டி.வி.க்கு வருமுன் எட்டு வருடம் நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும் என்று நான் சொன்னால், ஓட்டுநரே இன்னும் வராத பேருந்திலும் ஆட்கள் ஓடிப்போய் ஏறுவார்கள். ஒருநாள் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு தயாரிப்பாளர் அந்தக் குரலைக் கேட்டு, கண்ணாடிக் கூண்டுக்கே வந்துவிட்டார். “இந்தக் குரல் சொன்னா செத்த பேட்டரிகூட நம்பிரும் சார்” என்றார். முதல் நிகழ்ச்சியன்று திரையில் என் முகத்துக்குக் கீழே ‘இருபது ஆண்டு பட்டறை அனுபவம்’ என்று ஒரு வரி ஓடியது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. யாரும் கழித்துப் பார்க்கவில்லை.

மேக்கப் அம்மா தினமும் என் நகக்கண்களில் கறுப்பு மை தடவுவார். “எல்லாரையும் அழகாக்கித்தான் அனுப்புறேன். அழுக்காக்கி அனுப்புறது உங்க ஒருத்தரைத்தான்” என்பார். கழுவினாலும் ஒரு ரேகை மிச்சம் இருக்கும். வீட்டுக்கு வந்தும் நான் அதைத் தேய்த்து எடுத்ததில்லை.

வண்டி தெரிந்தவன் என் மனைவியின் தம்பி. பதினாறு வயதிலிருந்து பட்டறைதான். முதலில் அவனைத்தான் தயாரிப்பாளரிடம் அழைத்துப் போனேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். விளக்கைப் போட்டதும் அவனுக்குத் தன் பெயரே மறந்துபோனது. அப்புறம்தான் இந்த ஏற்பாடு வந்தது. எப்படி என்று விளக்குகிறேன்.

நேரலையில் பேசுகிறவனின் வலது காதில் டி.வி. நிலையத்தின் கருவி ஒன்று இருக்கும். அதில் இயக்குநர் பேசுவார். என் இடது காதில் இன்னொன்று இருந்தது. அது நாங்களே வாங்கியது. நிலையத்து ஒலி அறைக்கு அதோடு தொடர்பு கிடையாது. ஸ்டுடியோவுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஒரு சின்னத் திரையில் என்னைப் பார்த்துக்கொண்டே மைத்துனன் பேசுவான். நான் பதில் பேச முடியாது. நிகழ்ச்சியில் நான் சொல்வதே பதில். இடது காதுக் கருவி கேமராவில் தெரியக்கூடாது என்பதற்காக, அவன் பேசும்போதெல்லாம் நான் குனிந்து அந்தக் காதை வண்டியின் பானட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். நான்கு விநாடி. நிமிர்ந்து, “வாட்டர் பம்ப் போகப்போகிறது” என்பேன். சபை கைதட்டும். அப்படித்தான் எனக்குக் ‘காது மெக்கானிக்’ என்ற பெயர் வந்தது. தெருவில் குழந்தைகள் நிறுத்தியிருக்கும் வண்டிகளில் காதை வைத்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வருடம் அப்படிப் போனது.

ஒரு நிகழ்ச்சியில் இடது காதுக் கருவி பாதியில் செத்துவிட்டது. அப்போது மேடையில் ஒரு பள்ளி ஆசிரியையின் வண்டி. நான் வழக்கம்போல் குனிந்தேன், நான்கு விநாடி மௌனத்தைக் கேட்டேன், நிமிர்ந்து, “ஒன்றுமில்லை டீச்சர், தாராளமாக ஓட்டலாம்” என்றேன். மறுநாளே அந்த வண்டியின் முன்சக்கரம் கழன்றது. கொட்டகையிலிருந்து அவன் அன்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான், ஓட்ட விடாதீங்க என்று. எனக்கு எப்படிக் கேட்கும்?

அதன்பிறகு அவன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தான். ஒரு புதன்கிழமை கொட்டகையில் என்னிடம் வந்தான்.

“நேத்தும் டீச்சரப் பாத்துட்டு வந்தேன் மாமா. கால்ல கம்பி வச்சிருக்காங்க.”

“என்ன சொல்றாங்க?”

“‘அவர் காதுக்கே கேக்காத சத்தம் எனக்கு எங்க தம்பி கேக்கப்போகுது’ங்கறாங்க. உங்களத் திட்டினாக்கூடப் பரவால்ல. திட்டவே மாட்டேங்கறாங்க. அதான் தாங்கல.”

“சரி மாப்ள, பழம் வாங்கிட்டு நானும் ஒருநாள் வர்றேன்.”

“பழம் வேணாம் மாமா. வர்ற ஞாயித்துக்கிழமை முடியுறப்ப நான் மேடைக்கு வந்து உண்மையச் சொல்லிடறேன். அதோட கடைசி.”

“கேமராவப் பாத்தா உனக்குப் பேச்சே வராதே.”

“எழுதி வச்சிருக்கேன். பாத்துப் படிச்சிடுவேன்.”

காட்டினான். நான்கு வரி. ‘டீச்சர் வண்டியைப் பார்த்தது என் மாமா. அவருக்கு வண்டி தெரியாது. சொல்லிக்கொடுத்தது நான். தப்பு என்னுடையது.’ மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்தத் தாள் இப்போது உங்களிடம் இருக்கிறது. என் வக்கீலுக்கு அதுதான் முதல் சாட்சி. தன் நகலில் இரண்டாவது வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்.

அன்று முழுக்க யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் யார்? பேருந்து நிலையத்தில் இப்போது அறிவிப்பதற்கு ஆளே இல்லை, பதிவு செய்த குரல். அது என் குரல்தான். என் பழைய நாற்காலியில்கூட நானே உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு ‘எல்லாம் தெரிந்த என் அப்பா’. அவனிடம் வியாழக்கிழமை ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஒருமுறை கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை காலில் விழப் போனேன். “என்ன மாமா நீங்க” என்று பிடித்துத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி ஜாக்கியைப் பற்றி. ஜாக்கியின் உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிடியை அழுத்தினால் எண்ணெய் ஒரு சின்னக் குழாயிலிருந்து பெரிய குழாய்க்குப் போய், அங்குள்ள தண்டை மேலே தள்ளும். ஒரு மனிதனின் கைவலு ஒரு வண்டியையே தூக்குவது அப்படித்தான். எண்ணெய் திரும்பி வராமல் தடுப்பது ஒரு ரப்பர் வாஷர். அது தேய்ந்தால் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால்தான் வண்டியைத் தூக்கியதும் அடியில் இரும்பு ஸ்டாண்டு வைக்கிறார்கள். ஸ்டாண்டில் எண்ணெய் கிடையாது, வெறும் முக்காலி. கொட்டகை ஜாக்கியைப் பற்றி மூன்று மாதத்துக்கு முன்பே அவன் சொல்லியிருக்கிறான்: “இது எறங்குது மாமா. கால் மணி நேரத்துல ரெண்டு விரக்கடை. ஸ்டாண்டு இல்லாம யாரும் அடியில போகக்கூடாது.” நான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வண்டி விஷயத்தில் நான் கேட்டுப் பழகியவன்.

சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு பாடம் எழுதினேன்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஆறு வருடத்தில் யார் உதவியும் இல்லாமல் நானே எழுதிய பாடம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, மேடையில் காட்டுவதற்கென்று கொட்டகையிலிருந்து நான்கு ஸ்டாண்டுகளையும் நானே தள்ளுவண்டியில் ஏற்றி வந்தேன். பக்கத்தில் இரண்டு மரக்கட்டைகள் சும்மா கிடந்தன. அவற்றையும் போட்டுக்கொண்டேன். ஸ்டுடியோவின் பெரிய கதவு தானாக மூடிக்கொண்டே இருந்தது, ஒன்றை அதன் இடுக்கில் செருகினேன். மேசையின் ஒரு கால் குட்டை, அதற்கு மற்றொன்று சரியாக இருந்தது.

நிகழ்ச்சியில் எப்போதும் இரண்டு வண்டி. முதல் வண்டியை அவன் முந்தின நாளே பார்த்துவிடுவான். இரண்டாவது காலையில்தான் வரும்; முதல் வண்டியைப் பற்றி நான் மேடையில் பேசும்போது அவன் கொட்டகையில் அதைப் பார்ப்பான். அன்று இரண்டாவது, ஒரு அச்சகக்காரரின் வேன்.

பதினொன்று ஐந்துக்கு நான் கேமராவைப் பார்த்து, “அடுத்த வண்டியை இன்று அடிப்பக்கத்திலிருந்து ஆராய்ந்து சொல்லப்போகிறேன். இன்னும் பத்தே நிமிடம்” என்றேன்.

இடது காதில் அவன் பதறினான். “மாமா, ஸ்டாண்டு நாலும் உங்ககிட்ட இருக்கு. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டையயும் காணோம். எப்படி அடியில போறது?”

நான் சிரித்துக்கொண்டே, “ஒருவர் நம்மை நம்பி வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார். சொன்ன நேரத்தில் சொல்வோம்” என்றேன்.

“சரி மாமா. ரெண்டு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். டீச்சருக்கு ஆனது இந்தாளுக்கும் ஆகக்கூடாது.” ஜாக்கியின் பிடி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு முறை.

நான் ஒரு ஸ்டாண்டைக் கையில் எடுத்து உயர்த்திக் காட்டினேன். “ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு இது” என்றேன். நல்ல வரி. எழுதும்போதே தெரிந்தது.

அப்போதுதான் அவன், “உருளுது மாமா, உருளுது” என்றான். இரும்பு தரையில் விழும் சத்தம். ‘இறங்குது’ என்பதைத்தான் பதற்றத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறான். பிறகு மெதுவாக, “மாமா, யாரையாச்சும் அனுப்புங்க” என்றான். அதே நேரம் வலது காதில் இயக்குநர், “அருமையாப் போகுது சார், அப்படியே போங்க” என்றார்.

கொட்டகை இருநூறு அடி தூரத்தில் இருந்தது. கொட்டகைக்கு ஓடுங்கள் என்று சொல்ல இரண்டு விநாடி போதும். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும்: உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு வருடமாக அந்த ஒரு கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

முதல் வண்டியின் அருகே போனேன். இடது காதை பானட்டில் வைத்துக் கண்ணை மூடினேன். இடுப்பில் ஒலியைக் குறைக்கும் திருகு இருந்தது. நான் குறைக்கவில்லை, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அவன் “மாமா” என்று ஏழு முறை சொன்னான். கடைசி இரண்டில் குரல் இல்லை, காற்றுதான். வழக்கமாக நான்கு விநாடி. அன்று நான் நிமிர மூன்று நிமிடம் ஆனது. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. அந்த வண்டியின் எஞ்சின் ஓடவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது என் கண் கலங்கியிருந்ததாம். வண்டிமேல் இவ்வளவு பாசம் வைத்த மனிதரைப் பார்த்ததில்லை என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள்.

“வண்டி நல்ல நிலையில் இருக்கிறது” என்றேன்.

மூன்றாம் நாள் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவன் உங்களக் கூப்பிட்டானா?”

“இல்ல.”

“ஒரு தடவகூடவா?”

“பேட்டரி தீந்துபோச்சும்மா.”

“காலைலதானே உங்க கருவி, அவன் மைக் ரெண்டுக்கும் நான் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன்” என்றாள். அதன்பிறகு சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கும். மகளைத் தன் அறையிலேயே படுக்கவைத்துக்கொள்கிறாள்.

ஆகவே ஐயா, கொன்றது நான். தெரியாமல் நடந்தது அல்ல. அந்த ஜாக்கி எத்தனை நிமிடம் தாங்கும் என்று கணித்து, ஸ்டாண்டுகளை அப்புறப்படுத்தி, அவனை அடியில் போகவைத்து, அவன் கூப்பிடுவதைக் கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றேன். வண்டி தெரியாதவனால் இதைச் செய்திருக்க முடியுமா? வக்கீலின் மனுவைத் தள்ளுபடி செய்யுங்கள். என்ன தண்டனை வேண்டுமானாலும் வாங்கிக்கொடுங்கள். கிளிப்பிள்ளை என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் நிபுணர் அறிக்கையையும் வக்கீல் காட்டினார். ஜாக்கியின் வாஷர் புதிதாக மாற்றப்பட்டிருந்தது, ஒரு மணி நேரம் சோதித்தும் அது நூலளவுகூட இறங்கவில்லை என்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதால், பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும் ஹேண்ட்பிரேக் உதவவில்லை, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்காததால் கொட்டகைத் தரையின் சரிவில் வேன் உருண்டு ஜாக்கியிலிருந்து விழுந்தது என்கிறது. இதை எழுதியவர் பட்டறைப் பக்கமே போகாதவர் என்று நினைக்கிறேன். காகிதத்தில் வண்டி படித்தவர்கள் இப்படித்தான்.

இன்னும் ஒன்று. சான்றுப் பொருள்களில் நான்காவதாக, ஸ்டுடியோ கதவிடுக்கிலிருந்து எடுத்த மரக்கட்டையைச் சேர்த்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடலாம் ஐயா. அது கதவு மூடாமல் இருக்க வைப்பது.