அப்பாவுக்குப் பாதி இடுப்பு

கொல்கத்தாவின் பவானிபூரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும், பக்கத்தில் ஒரு அம்மாள் தன் மகளிடம் தமிழில் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்கப்பாவுக்குப் பாதி இடுப்பே போதுமாம்டி."

"ஒடஞ்ச இடுப்பு மூட்டுல பாதிதான் டாக்டர் மாத்தப் போறாரா? விழறதுக்கு முன்னாடி அப்பா எவ்வளவு நடப்பார்னு கேக்கலையா?"

"கேட்டார். வீட்டை விட்டே நகர மாட்டார்னேன். காய்கறி வாங்கச் சொன்னாலே முட்டி வலிம்பாரே!"

"ஐயோ அம்மா! மத்தியானம் நீ தூங்கினதும் லேக் வரைக்கும் நடந்து போய்க் கச்சோரி தின்னுட்டு வருவார். அப்படி நடக்கிறவாளுக்கு முழுசா மாத்தினாத்தான் நல்லதாம். நாளைக்கு ஆபரேஷன், இப்பவே போய்ச் சொல்லு!"

அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சொல்றேன். முழுசாவே போடட்டும். அப்புறம் முதல் நடை மார்க்கெட்டுக்குத்தான்."