பங்களாவில் யாரும் இல்லைங்க

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆவூர் தந்த அறிவாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரியதோட்டம் நகர் நலச் சங்கத் தலைவர் திரு. தைரியநாதன் அவர்களே! அவருக்கு வலப்புறம் வரிசையாய் வீற்றிருக்கும் சங்கத்தின் செயல்வீரர்களே! வேட்டி மடிப்புக் கலையாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, நாளைய மாவுக்கு அரிசியும் ஊறப்போட்டுவிட்டு வந்து, நாற்காலி காலியாய்க் கிடந்தும் தூணோரமே நிற்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

வணக்கம் முடிந்தது. இனி வழக்கு.

என்னை உங்களுக்குத் தெரியும். பங்களா டீச்சர். மாடி மாடியாய் எழுந்து நிற்கும் உங்கள் வீடுகளுக்கு நடுவே காரை பெயர்ந்து நிற்கிறதே ஒரு பழைய பங்களா, அதில் பிறந்தவள், அதிலேயே இருப்பவள். முப்பத்திரண்டு ஆண்டு அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். இன்று அந்தப் பங்களாவுக்கு விழா. அதன் வரலாற்றையும் கட்டட அழகையும் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்து, அதோ அந்த மேசையில் இருக்கும் படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பங்களா மரபுக் கட்டடமாகும். பூட்டி, பழுது பார்த்து, சனி ஞாயிறுகளில் ஊரார் வந்து பார்க்கும் காட்சி இல்லமாகும். நல்ல செய்திதானே? கைதட்டுங்கள். தட்டிவிட்டு இதையும் கேளுங்கள். அந்தப் படிவத்தின்படி அது ஆளில்லாத வீடு. தை பிறப்பதற்குள் நான் வெளியே போயாக வேண்டும். கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? இந்த மேடை ஏறும்வரை எனக்கே தெரியவில்லை. உங்களிடம் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறேன்.

கட்டியவரிலிருந்து தொடங்குகிறேன். என் பாட்டனார் கண்ணுசாமி, சமஸ்தானத்தின் கட்டட வேலைகளைக் கண்காணித்த ஓவர்சியர். ஆயுளெல்லாம் அடுத்தவர் கட்டடத்துக்கு அளவு பிடித்தவர், தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்கு முன்பு தனக்கென்று ஒன்று கட்ட ஆசைப்பட்டார். எங்கே கட்டினார்? ஊருக்குள்ளா? இல்லை. முந்திரிக் காட்டுக்கு நடுவில், முள்ளுக்கு நடுவில், மனிதர் வராத இந்த மேட்டில்! "ஓவர்சியர் நரிக்கு வீடு கட்டுறாரு" என்று ஊரே சிரித்தது. அந்த நரிமேடுதான் ஐயா, இன்று நீங்கள் சென்ட் கணக்கில் வாங்கிச் சீமான்களாய் வாழும் பெரியதோட்டம் நகர்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்றைக்குச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இங்கே மனை வாங்கியிருக்கிறார்கள்.

சுவரைச் சொல்லவா? செம்பாறாங்கல் சுவர், இரண்டேகால் அடி கனம். பூச்சைச் சொல்லவா? சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. இன்றைக்கும் கன்னத்தை வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? சித்திரை வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள் கன்னத்தை வைக்க?

கதவைச் சொல்லவா? பதினெட்டுக் கதவு, அத்தனையும் பர்மாத் தேக்கு. ஓர் அறைக்கு இரண்டு கதவு வைத்தார் பாட்டனார். வருகிறவரும் போகிறவரும் மோதிக்கொள்ளக் கூடாதாம்! அவ்வளவு கூட்டத்தை மனதில் வைத்துக் கட்டிய வீடு அது. நான் திறப்பது நான்கு கதவு. மற்ற பதினான்கையும் மாதம் ஒருமுறை திறந்து, கீலுக்கு எண்ணெய் விட்டு மறுபடி சாத்துகிறேன். மோதிக்கொள்ள மாட்டேனா என்று நானும் பார்க்கிறேன், நடக்கவில்லை.

முகப்பில் இரண்டு வளைவுகள். கட்டியவர் சின்னப்பிள்ளை என்ற பெரிய கொத்தனார். வேலை முடிந்ததும் பாட்டனார் துணி டேப்பை இழுத்து அளந்தார். கிழக்கு வளைவு ஓர் அங்குலம் குறைவு. "இடிச்சுக் கட்டுய்யா" என்றார். கொத்தனார் அசையவில்லை. "ஐயா, ஒங்க டேப்பு சமஸ்தானத்துல பத்து வருசமா இழுபட்டு நீண்டு போச்சு. என் கயிறு புதுசுங்க. நீங்க டேப்ப மாத்திட்டு வாங்க, நான் வளைவ மாத்துறேன்" என்றார். ஓவர்சியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார், வளைவு தப்பித்தது. பிழை கயிற்றிலா, டேப்பிலா என்பது இந்த ஆடிவரை தீராத வழக்கு.

மேலே, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். காலை பத்து மணிக்குக் கூடத்துத் தரையில் பச்சை வெளிச்சம் விழும். மூன்று மணிக்கு நீலம். தவறாமல் என்னைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். பச்சைக்கு நேராகத் தட்டை வைத்துச் சாப்பிடுவேன். நீலம் வரும்போது செய்தித்தாளைச் சத்தம் போட்டு வாசிப்பேன். சத்தம் போட்டு வாசிப்பது ஏன்? நாள் முழுக்கப் பேசாமல் இருந்தால் மறுநாள் பால்காரரிடம் பேசும்போது குரல் கம்மிப் போகிறது தாய்மார்களே. அதற்காகத்தான்.

அம்மா போய்ப் பதினோரு ஆண்டுகள். அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டவர்கள், அம்மா போன பிறகு கேட்கவில்லை. அதற்குள் தலை நரைத்துவிட்டது. அண்ணனும் காலமானார். அண்ணன் மகன் ரகுநாத் குவைத்தில். தங்கை அறந்தாங்கியில். போன கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். இரண்டேகால் அடிச் சுவர், சொன்னேனே! இடிக்கும் அசையாது, என் குரலுக்கா அசையும்? நானே தவழ்ந்து, நானே எழுந்து, நானே எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். பயமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேடையில் துண்டுச்சீட்டு வருகிறது. "நேரம்" என்று எழுதியிருக்கிறது. தலைவர் அவர்களே, தொண்ணூற்றாறு வருடக் கதை, ஓர் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். ஆடி மாதம். இதோ முன்வரிசையில் தலை குனிந்து இருக்கிறாரே தம்பி சரவணக்குமார், சங்கம் அமர்த்திய என்ஜினியர், கணக்கெடுக்க வந்தார். வாசலில் நின்று கூப்பிட்டார்: "வீட்டுல யாரும் இருக்கீங்களா?"

நான் கதவை ஒருக்களித்து வாசலில் நின்றேன். என்ன சொன்னேன் தெரியுமா? "யாரும் இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியலைங்க."

"சரிங்க, நான் பாட்டுக்கு அளந்துக்கிறேன்" என்றார். மூன்று நாள் அளந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். தம்பி சங்கத்துக்குக் கொடுத்தது முப்பத்து நான்கு பக்க அறிக்கை. அருமையான அறிக்கை! கிழக்கு வளைவு ஓர் அங்குலம் குறைவு என்பதுகூட அதில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மட்டும் இப்படி இருக்கிறது: "வசிப்போர்: எவருமில்லை. வாசலில் இருந்த வயதான பெண்மணி இதை உறுதி செய்தார்."

தம்பி, ஓர் அங்குலத்தைக் கண்டுபிடித்த கண்ணய்யா உங்கள் கண்! ஐந்தடி உயரத்தில் மோர்ச் செம்போடு நின்ற என்னை அது எப்படி விட்டது? சித்தன்னவாசல் குன்றில் கற்படுக்கையைக் காட்டி, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு இங்கே ஆள் இருந்தார்கள் என்கிறோம். என் வீட்டில் விரித்த பாய் இன்னும் சுருட்டவில்லை, அங்கே ஆள் இல்லை என்கிறோம்!

கோபத்தோடு குவைத்துக்குப் போன் போட்டேன். பங்களாவில் ரகுநாத்துக்கும் பங்கு உண்டு. அவன் எடுத்தான். "அத்தை, நான் போன மாசமே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே. யாரும் இல்லைன்னுதான போட்டிருந்துச்சு. நீங்க அறந்தாங்கி அத்தை வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எப்ப இருந்துடா அப்படி நெனக்கிற?"

"ரெண்டு வருசமா, அத்தை."

இரண்டு வருடம்! அவன் நல்ல பிள்ளை, ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்வான். என் கைபேசிக்குத்தான் செய்வான். அது எங்கே ஒலிக்கிறது என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று முழுக்க நான் அடுப்பு பற்றவைக்கவில்லை.

யார் மேல் கோபப்படுவது? தம்பி மேலா? அவர் நான் சொன்னதைத்தான் எழுதினார். ரகுநாத் மேலா? அவன் எழுதியிருந்ததைத்தான் நம்பினான். சொன்னது யார்? நான்! தமிழ் படித்தவள், தமிழ் நடத்தியவள், எழுவாய் எது பயனிலை எது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள், என் வீட்டு வாசலில் நின்று என் வாயால் யாரும் இல்லை என்றேன்!

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். வாசலில் ஓர் ஆண் குரல் கேட்டால், வீட்டு ஆண்கள் வெளியே போயிருந்தால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? உரக்கச் சொல்லுங்கள். அந்தத் தூணோரம் யார், ரம்யாவா? நீதான் பேங்க் ஆபீசராயிற்றே, நீ சொல் தாயி.

"அதையேதான் டீச்சர் சொல்றேன். யாரும் இல்லைங்கன்னு."

கேட்டீர்களா! கையைத் தூக்குங்கள், அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் தூக்குங்கள். அடேயப்பா! இத்தனை கையா? இன்று காலை அழைப்பிதழ் வாங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். "வீட்ல யாரு?" என்றேன். உள்ளிருந்து தலைவரின் துணைவியார் அருளம்மாள் குரல் வருகிறது: "யாரும் இல்லைங்க, டீச்சரா? உள்ள வாங்க!" பிறகு யாரும் இல்லாத அந்த வீட்டில், யாரும் அல்லாத நாங்கள் இருவரும் முக்கால் மணி நேரம் காபி குடித்தோம். தலைவர் சிரிக்கிறார். அருளம்மாள் சிரிக்கவில்லை, பாருங்கள்.

நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதை? சமைப்பது யார்? நாம்! சாவியை வைத்திருப்பது யார்? நாம்! கரண்ட் போனால் மெழுகுவர்த்தி இருக்கும் இடம் யாருக்குத் தெரியும்? நமக்கு! வீடு முழுக்க நாம் இருந்துகொண்டு, வீட்டில் யாரும் இல்லை என்று நாமே சொல்கிறோமே, இது என்ன இலக்கணம்? எந்தப் பள்ளியில் படித்தோம்? சொல்லிச் சொல்லி, சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கு நேர்ந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? முப்பத்து நான்கு பக்கத்தில் வளைவு இருக்கிறது, கதவு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, நான் இல்லை!

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பங்களா மரபுக் கட்டடம் ஆகட்டும். பழுது பாருங்கள், பலகை வையுங்கள், சனி ஞாயிறில் ஊரைக் கூட்டி வாருங்கள். பதினெட்டுக் கதவையும் திறந்து வைக்கிறேன். ஆனால் நான் வெளியே போக மாட்டேன்! இரண்டாம் பக்கத்தைத் திருத்தாமல் என் கையெழுத்து விழாது! தலைவர் அவர்களே, சரியா? தலையசைக்கிறார். வாயால் சொல்லுங்கள் ஐயா, தலையசைப்பைப் படிவத்தில் எழுத முடியாது.

"சரிங்க டீச்சர். திருத்திடலாம்."

நன்றி ஐயா. தம்பி சரவணக்குமார், பேனாவோடு மேலே வாங்க. எல்லோருக்கும் கேட்கட்டும், மைக்கில் கேளுங்கள்.

"டீச்சர், மன்னிச்சுக்கங்க. வசிப்போர் எத்தன பேருங்க?"

ஒருவர்.

"பேரு... டீச்சர், ஒங்க பேரு என்னங்க?"

தலைவர் அழைப்பிதழைப் புரட்டுகிறார். வேண்டாம் ஐயா, அதில் இல்லை. தப்பு உங்களுடையது அல்ல, நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிரகதாம்பாள். திருக்கோகர்ணத்து அம்மன் பெயர், என் அம்மா ஆசையாய் வைத்த பெயர். அம்மா கண் மூடிய நாளிலிருந்து என்னை இந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானே இன்றுதான் உரக்கச் சொல்கிறேன்.

படிவத்தைக் கொடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், கை தூக்கிய தாய்மார்களுக்கும், பிழையைத் திருத்திய தம்பிக்கும், அந்தப் பங்களாவில் இருக்கிற பிரகதாம்பாளின் நன்றி. வணக்கம்.