கொலை செய்யாத சைக்கிள்

— நான் பகிடிக்குச் சொல்லேல்லை, நேசன். இந்தக் குடாநாட்டில ரெண்டு லட்சம் சைக்கிள் ஓடுது. அதில ஒரு கொலைக்கும் போகாத சைக்கிள் என்ரை ஒண்டுதான். எழுதி வைச்சுக்கொள்.

— உன்னட்டைச் சைக்கிள் கேட்டு வந்த என்னைச் சொல்லவேணும். நேரம் நாலாகுது, நிருபன். எனக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம்.

— கேள் முதல். தபால்காரரின்ர சைக்கிள்: ஒரு சங்கத் தலைவர். ஐயரின்ர சைக்கிள், அதுவும் கரியரில நைவேத்தியப் பெட்டி கட்டினபடி: ஒரு கந்தோர் அதிகாரி. முன்வீட்டுப் பெட்டையின்ர லேடீஸ் சைக்கிள்: ஒரு முன்னாள் எம்.பி. அந்தப் பெட்டையின்ர தேப்பனுக்கு வேலை எடுத்துக் குடுத்ததே அந்த எம்.பி.தான்.

— தெரியும்.

— நவத்தாரின்ர சைக்கிள் ரெண்டு இயக்கத்துக்கும் ஓடியிருக்கு. திங்கள் இவைக்கு, வியாழன் அவைக்கு. மனுசன் கடைசிமட்டும் நடுநிலைமையில நிண்டவர். சில்லுத்தான் தேஞ்சு போச்சுது.

— உன்ர பகிடிக்குச் சிரிக்க இண்டைக்கு என்னால ஏலாது.

— பகிடி இல்லையெண்டு சொன்னனானெல்லே? இது ஆராய்ச்சி. கம்பஸில சோதினை எண்டு ஒண்டு வைச்சால் இதுக்கு எனக்கு முதலாம் வகுப்புத் தரவேணும். நாலு வருசமாக் கடைசி வருசம் படிக்கிறன், சோதினை வருகுதில்லை. சரி, இப்ப உன்ர சைக்கிளுக்கு வருவம்: வல்லிபுரநாதன் மாஸ்டர். முகத்தை அப்பிடி வைக்காதை. இரு. அந்தச் சாரத்துண்டைத் தள்ளிப்போட்டு அந்தக் கல்லில இரு. நான் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு கேக்கிறன். எப்பிடிக் கேட்டவங்கள்?

— அந்தக் கதையை விடு.

— ஊர் முழுக்கக் கதைக்குது. என்னட்டை மட்டும் நீ சொல்லேல்லை.

— செவ்வாய்க்கிழமை காலமை. ரெண்டு பேர். ஒருத்தன் ஒழுங்கை முகப்பில நிண்டிட்டான். மற்றவன் படலையடிக்கு வந்து, ‘சேர், சைக்கிளை ஒருக்காத் தாங்கோ, அரை மணித்தியாலத்தில கொண்டுவந்து விடுறம்’ எண்டான். என்ர ரியூசனில ஏழாம் வகுப்புக் கணக்குப் படிச்ச பெடியன். இடப்பக்கச் சொக்கையில, கண்ணுக்குக் கீழ மச்சம்.

— நீயும் தூக்கிக் குடுத்தனி.

— ஊரில ஆர் கேட்டாலும் குடுக்கிறதுதானே. மாஸ்டர்கூட அதே சைக்கிளைத்தான் சனிக்கிழமையில வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போறவர். கேட்டு இல்லையெண்டு சொல்லுற சைக்கிள் ஆரின்ரை?

— என்ரை. சும்மா குடுத்தனியோ, ஏதும் சொல்லிக் குடுத்தனியோ?

— பின் பிறேக் பிடிக்காது, மெதுவாப் போங்கோ எண்டனான்.

— என்ன?

— மெதுவாப் போங்கோ எண்டனான்.

— ஐயோ கடவுளே! அவங்கள் ஆளைச் சுடப் போறாங்கள். நீ, விழுந்து முழங்கால் உரசிப்போடும் எண்டு கவலைப்படுறாய். வழியில குடிக்கத் தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்திருக்கலாமே!

— எனக்கென்ன தெரியும் சுடப் போறாங்கள் எண்டு?

— தெரியாது? நேசன், என்ர முகத்தைப் பார். தெரியாது?

— வெக்கையில சேட்டுக்கு மேல சேட்டுப் போட்டிருந்தவன். தெரியாதெண்டு சொல்ல ஏலாது. ஆனா ஆரையெண்டு தெரியாது. கொண்டுவந்தும் விட்டவன். சொன்ன நேரத்துக்கு அஞ்சு நிமிசம் முந்தி. ‘பிறேக் கட்டை தேஞ்சு போச்சுது சேர், மாத்தி விட்டிருக்கிறம்’ எண்டான்.

— பிறேக் திருத்தித் தந்தவங்களோ!

— ஓம். இப்ப நல்லாப் பிடிக்குது. என்னாலதான் ஏற ஏலாமல் கிடக்கு. கிணத்தடியில சாத்திவிட்டிட்டு அண்டையிலயிருந்து நடந்து திரியிறன்.

— இதைத்தான் நான் சொல்லுறன். இந்த ஊரில சுடுறவன் நாலு பேர். மிச்சச் சனம் முழுக்கச் சைக்கிள் குடுக்கிற சனம். எல்லாரும் திறப்பைப் பூட்டில விட்டிட்டுப் படலையையும் திறந்து வைச்சிருக்கினம். ‘இல்லைத் தம்பி, தர ஏலாது’ எண்டு ஒரு வசனம். அதைச் சொல்ல இந்தத் தமிழினத்தில ஒரு முதுகெலும்பு இல்லை. என்னைப் பார். மூண்டு பூட்டு. மூண்டு திறப்பும் இடுப்பில. குளிக்கேக்கயும் கழட்டுறேல்லை.

— உன்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே, நிருபன்.

— ஏன் கேக்கேல்லை? தரமாட்டன் எண்டு தெரியும். அதுதான் கொள்கையின்ர பலன். எழுதி வைச்சுக்கொள்.

— சரி. இப்ப நான் கேக்கிறன். பள்ளிக்கூட மண்டபம் நாலு கட்டை தூரம். பஸ் இல்லை, இண்டைக்கு ஹர்த்தால்.

— ஹர்த்தாலை ஆர் வைச்சதெண்டு தெரியுமே?

— தெரியும்.

— சுட்டவைதான். சுட்டதைக் கண்டிச்சு. நோட்டீஸ் வாசிச்சனியே? ‘மாஸ்டரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது.’ அதை அவையைவிட ஆர் வடிவா அறிவினம்?

— மாஸ்டர் செய்த குற்றம் ஒரு கடிதம் எழுதினது. கொலையளை நிப்பாட்டுங்கோ எண்டு. ஆரெண்டு பேர்கூடப் போடேல்லை.

— அதுதான் பிழை. பேர் போட்டிருந்தால் ஒரு பகுதிதான் கோவிச்சிருக்கும். போடாததால எல்லாப் பகுதியும் தங்களைத்தான் சொல்லுறார் எண்டு நினைச்சுப்போட்டுது. ஆர் முந்துறது எண்டதுதான் போட்டி.

— நான் இண்டைக்குப் பேர் சொல்லப் போறன்.

— என்ன?

— இரங்கல் கூட்டத்தில. பேப்பரில ‘இனந்தெரியாதோர்’ எண்டு போட்டிருக்கு. எனக்கு இனம் தெரியும், பேர் தெரியும், ஏழாம் வகுப்பில எடுத்த மாக்ஸும் தெரியும். எழும்பிச் சொல்லப் போறன். என்ர சைக்கிளிலதான் போனவங்கள், நான்தான் குடுத்தனான் எண்டு.

— உனக்கென்ன விசரே? நீ சொன்னால் மாஸ்டர் எழும்பி வருவாரோ?

— மாஸ்டரின்ர மனிசி செத்தவீட்டில என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவா. ‘உம்மட சைக்கிளோ தம்பி?’ ஓம் அம்மா எண்டனான். ‘பிறேக் பிடிக்காதே அது’ எண்டா. அவ்வளவுதான். வேற ஒண்டும் கேக்கேல்லை. அதுக்கு மேல நான் வாயை மூடிக்கொண்டு திரிய ஏலாது.

— நீ பேசப் போறது ஆருக்குத் தெரியும்?

— கூட்டம் வைக்கிறவைக்கு மட்டும். அஞ்சு பேர்.

— அஞ்சு பேர்! பின்னை ஏன் மண்டபத்தில லவுட்ஸ்பீக்கர் கட்டினவை? அது வீண் செலவு.

— நிருபன், தாவன். நடந்து போனால் கூட்டம் முடிஞ்சிடும். கூட்டம் முடிஞ்ச கையோட கொண்டுவந்து விடுறன்.

— அவனும் அதைத்தான் சொன்னவன். கோவிக்காதை. உனக்குத் தந்தால் நாளைக்கு ஐயர் கேப்பார். நாளையிண்டைக்கு நவத்தார். கொள்கையெண்டால் சிநேகிதன், பகைவன் எண்டு பாக்க ஏலாது. ஒருக்கா வளைஞ்சால் பேந்து அது கொள்கையில்லை, வாழைத்தண்டு.

— அப்ப நீயும் வா. டபிள் போவம். சைக்கிள் உன்ர கையிலதான் இருக்கும். கொள்கைக்கு ஒரு சேதமுமில்லை.

— அது… வரலாம்தான். மத்தியானத்திலயிருந்து வயித்துக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு.

— வயித்துக்குள்ளயோ?

— பலாப்பழம் திண்டனான்.

— சரி. அதை விடு.

— நேசன், இரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன். கூட்டம் எங்கை போகப் போகுது? இந்த ஊரில இரங்கல் கூட்டம் கிழமைக்கு ரெண்டு நடக்குது. அடுத்ததில பேசலாம்.

— அடுத்தது என்னுடையதா இருந்தால் என்னால பேச ஏலாதே.

— அட! நீயும் பகிடி விடுறாய். நல்லது, நல்லது. கோயிலடி ஒழுங்கையால போ, குறுக்கு. தோட்டத்துக்குள்ளால இறங்கினால் அரைக் கட்டை மிச்சம்.

— ஓம். போட்டு வாறன்.

— நேசன்! கோவமே?

— இல்லையடாப்பா. நீ சொல்லுறது சரிதான். ஒருத்தராவது குடுக்காமல் இருக்கத்தான் வேணும். உன்னைமாதிரி நாலு பேர் இருந்திருந்தால் மாஸ்டர் இருந்திருப்பார்.

— எழுதி வைச்சுக்கொள்! … நேசன்! … தலையில துவாயைப் போட்டுக்கொண்டு போ, வெயில்!

— அண்ணை! குறை நினைக்காதேங்கோ. படலை கொளுவியிருந்தது, நானே திறந்துகொண்டு வந்திட்டன்.

— ஆர்… ஆர் தம்பி?

— இந்தப் பக்கம்தான் அண்ணை. அங்க ஒழுங்கை முகப்பில நிக்கிறது என்ர சிநேகிதன். அவனுக்கு வெக்கம், உள்ளுக்க வரமாட்டான்.

— உங்கட… உங்கட சொக்கையில மச்சம்.

— பிறந்ததிலயிருந்து இருக்கு அண்ணை. அதிஷ்டம் எண்டு அம்மா சொல்லுவா. சைக்கிளை ஒருக்காத் தாங்கோவன். அரை மணித்தியாலத்தில கொண்டுவந்து விடுறம்.

— இல்லைத் தம்பி… நான் ஒருத்தருக்கும் சைக்கிள் குடுக்கிறேல்லை. அது ஒரு… பழக்கம் மாதிரி.

— நல்ல பழக்கம் அண்ணை. இந்தக் காலத்தில ஆரை நம்பிக் குடுக்கிறது?

— அதுதான்.

— அதுதான்.

— இப்பகூட ஒருத்தர் கேட்டவர். குடுக்கேல்லை. என்ர சொந்தச் சிநேகிதன்.

— நேசன் சேர்தானே? கண்டனாங்கள். இந்த வெயிலுக்க நடந்து போறார், பாவம். எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர், அண்ணை. ஒரு நாளும் கை நீட்டினதில்லை. நல்ல மனுசன்.

— ஓம். நல்ல மனுசன்.

— ஐயோ, சேட்டு மேல ஏறிப்போச்சுது. இடுப்பில கிடக்கிறது கண்ணில பட்டிட்டுதோ? குறை நினைக்காதேங்கோ அண்ணை. பயப்பிடாதேங்கோ, இது உங்களுக்கில்லை. மூண்டு பூட்டே போட்டிருக்கிறியள்?

— மூண்டுதான்.

— திறப்பு?

— இடுப்பில… இடுப்பில கிடக்கு.

— ஆறுதலாத் திறவுங்கோ. அவசரமில்லை. நடந்துதானே போறார்.

— தம்பி, அவர் அங்க போய் ஒண்டும் சொல்லமாட்டார். நான் புத்தி சொல்லித்தான் விட்டிருக்கிறன். வெறும் வாய்தான். பயந்த ஆள். மேடையைக் கண்டால் கால் நடுங்கும்.

— இல்லை அண்ணை, சேர் சொல்லுவார். எங்களுக்குத் தெரியும். அவர் ஒரு கணக்கையும் பாதியில விடுறேல்லை. மணி அடிச்சாலும் விடை வருமட்டும் கரும்பலகையை விட்டுத் திரும்பமாட்டார். திறப்பைக் கீழ போட்டிட்டியளே அண்ணை. சுகமில்லையே?

— பலாப்பழம் திண்டனான்.

— கனக்கத் திண்டால் அப்பிடித்தான். வேர்க்கொம்பு போட்டுத் தேத்தண்ணி குடியுங்கோ.

— ரெண்டு திறந்திட்டுது. மூண்டாவது… மூண்டாவது கொஞ்சம் இறுக்கம். சிலநேரம் திறக்கிறேல்லை, தம்பி. சிலநேரம் ஒரு நாள் முழுக்கத் திறக்கிறேல்லை.

— அந்த எண்ணெய்ப் போத்தலைத் தாங்கோ. ரெண்டு துளி விட்டால் காணும்… இந்தா. பாத்தியளே, வெண்ணெய் மாதிரித் திறக்குது. சேர் கோயிலடி ஒழுங்கையாலயோ அண்ணை, பெரிய றோட்டாலயோ போனவர்?

— எனக்கு… நான் பாக்கேல்லை, தம்பி.

— பரவாயில்லை. நேரம் போட்டுது, குறுக்காலதான் போயிருப்பார். சைக்கிளை நல்ல வடிவா வைச்சிருக்கிறியள் அண்ணை. ஒரு கீறல் இல்லை. ஒருத்தரும் தொட்டதில்லைப் போல.

— இல்லை. ஒருத்தரும் தொட்டதில்லை.

— அரை மணித்தியாலம். பூட்டையெல்லாம் இந்தக் கல்லில வைச்சுவிடுங்கோ, வந்து நானே பூட்டி விடுறன். பிறேக் ரெண்டும் பிடிக்கும்தானே?

— பின் பிறேக் பிடிக்கும். முன் பிறேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்காதேங்கோ தம்பி, தூக்கி எறிஞ்சுபோடும். மெதுவாப் போங்கோ.