கயலின் இரண்டாவது திரை

ஜஹனாரா மேடம், உங்கள் விசாரணைக்காக நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்பதால் டைப் செய்தே தருகிறேன்.

லேப்டாப்பில் வெளி மானிட்டரை மாட்டியதும் மென்பொருள் தானாக மூடிக்கொள்வது புது வியாதி ஒன்றுமில்லை. நம் லேப்டாப்புகளில் திரையில் படம் காட்டுவதற்கு இரண்டு சில்லுகள் உண்டு. ஒன்று கூடவே வருகிற சாதாரணச் சில்லு, இன்னொன்று தனி கிராபிக்ஸ் கார்டு. நம் கட்டட வரைபட மென்பொருள் முதலாவதில் ஓடும். வெளி மானிட்டரோ இரண்டாவதோடு இணைந்திருக்கும். படத்தை அந்தத் திரைக்கு இழுக்கும்போது கைமாற்றத் தெரியாமல் மென்பொருள் படுத்துவிடும். தனி கார்டிலேயே ஓடும்படி செட்டிங்கை மாற்றினால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

ஆபீஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் என்பதால், புதிதாகச் சேர்ந்த கயலின் லேப்டாப்பில் இதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு பழையபடியே மாற்றி வைத்தேன்.

கயல் என் அக்கா பொன்மணியின் மகள். இது உங்களுக்குப் புதிதாக இருக்கும். பதினோரு வருடமாக இந்தத் தேனாம்பேட்டை ஆபீசில் என் சொந்த ஊர் கும்பகோணம். நான் நிஜமாகவே பிறந்த நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்று என்னை டிப்ளமா படிக்க வைத்தவள் பொன்மணி. எந்த ஆபீஸ் என்று அவளிடம்கூட நான் சொன்னதில்லை. கயல் தானாகவே தேர்வெழுதி, தானாகவே தேறி வந்தாள்.

வந்த அன்று டீ குடிக்கும் இடத்தில், அத்தனை பேர் எதிரில் கத்தினாள்.

“மாமா! நீ இங்கதான் கீறியா? அம்மாக்குத் தெரிஞ்சா ஆடிப்பூடும்!”

அவளுடைய மேலதிகாரி வெங்கடேஷ் சார் சிரித்தார். “என்ன சித்தார்த்தன், கும்பகோணத்துல இப்படித்தான் பேசுவாங்களா?”

நானும் சிரித்தேன். “எங்க தெருவுக்கு மீன் கொண்டுவர்ற அம்மாவோட பொண்ணு சார். எல்லாரையும் மாமாம்பா” என்றேன். கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் அவளைத் தனியே கூப்பிட்டு, இங்கே சொந்தக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கக் கூடாது, தெரிந்தால் உன் வேலைதான் போகும் என்றேன். அப்படி ஒரு விதி இல்லை. மறுநாளிலிருந்து என்னை ‘சார்’ என்றாள். கெட்டிக்காரப் பெண், சொன்னால் புரிந்துகொள்வாள்.

பிறகு அவள் மானிட்டரை மாட்டும்போதெல்லாம் மென்பொருள் மூடிக்கொண்டது. “சார், மறுபடியும் ஆஃப் ஆயிட்ச்சு” என்று போன் வரும். போவேன். முதலில் கேபிளை மாற்றினேன், அப்புறம் அடாப்டர், அப்புறம் மானிட்டர். மூன்று பாகம் மாற்றியும் தீராத புகாரை ‘பயனர் கையாளும் பிழை’ என்று மூடுவது எங்கள் பிரிவின் வழக்கம். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. அவள் பெயரில் அப்படி நான்கு புகார்கள் மூடினேன். அவளை நிரந்தரம் செய்ய வேண்டிய வெங்கடேஷ் சார்தான் அவற்றைப் படிப்பவர்.

அவளுடைய ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. யாருமில்லாத படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

“பர்மனன்ட் ஆச்சுன்னா மந்தவெளில வூடு பாத்து அம்மாவ இட்டாந்துடுவேன் மாமா. குப்பத்துலேர்ந்து எங்கள அனுப்பிவுட்ட பெரும்பாக்கத்துலேர்ந்து விடியகாலைல பஸ்ஸு ஏறி மீன் விக்க வர்றதுக்குள்ள அதுக்கு முட்டி கயண்டு பூடுது.”

மந்தவெளியிலிருந்து மயிலாப்பூர் மாட வீதியில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். நல்ல விஷயம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை செட்டிங்கை நிஜமாகவே சரிசெய்து கொடுத்தேன். பத்துத் தடவை மானிட்டரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள், ஒருமுறைகூட மூடவில்லை. அந்தத் தெம்பில்தான் திங்கட்கிழமை வாடிக்கையாளர் கூட்டத்தில் தானே படத்தைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டாள். லேப்டாப்பைக் கூட்ட அறையில் வைத்துவிட்டு அவள் சாப்பிடப் போயிருந்தபோது, என் இருக்கையிலிருந்தே நெட்வொர்க் வழியாக அதற்குள் நுழைந்து செட்டிங்கைப் பழையபடி மாற்றினேன். வந்தவர்கள் எதிரில் மூன்று முறை மூடியது. புதுக் கேபிளோடு நான்தான் ஓடினேன், மேசைக்கடியில் மண்டியிட்டு மாட்டினேன்.

“கேபிள்ல கோளாறா?” என்று வெங்கடேஷ் சார் கேட்டார்.

“கேபிள் நல்லாத்தான் இருக்கு சார்” என்றேன். அதில் பொய் இல்லை.

அவளை நிறுத்தினார்கள். அடுத்தவருக்குக் கொடுக்க லேப்டாப்பில் இருந்ததை அழிக்க எடுத்த எங்கள் பிரிவு குருபிரசாத், திங்கட்கிழமை மதியம் என் கணினியிலிருந்து யாரோ நுழைந்திருப்பதைப் பதிவில் பார்த்து உங்களிடம் கொண்டுவந்தான். நான்தான் நுழைந்தேன். எல்லாம் நான்தான் செய்தேன். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் திறமைக்கு வேறு இடம் கிடைக்காமலா போகும்?

கடைசி நாள் லிஃப்ட் அருகே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எல்லாரும் கை வுட்டாங்கோ மாமா. நீ ஒருத்தன்தான் ஒவ்வொரு தபாவும் ஓடியாந்த.”

யாருக்காவது கேட்டதா என்று சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. அவள் சொன்னது உண்மை, மேடம். அந்தத் திரை அணைந்த ஒவ்வொரு முறையும் அவளுக்காக முதலில் ஓடியவன் நான்தான். அதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.