கடைசி அத்தியாயத்தை எழுதியது யார்?

"ஹலோ... ஹலோ, பண்டாரவளையா? லைப்ரரியா?... ஆ, ஸுபைரா, நீங்களா! ஒங்கட நானா ஜும்ஆக்குப் போயிட்டாரா?... அதான் இந்த நேரம் பாத்து எடுத்தேன். எங்கட நானாவும் போயிட்டாரு."

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பதுளைக் கடைவீதியில் ஆண் வாடையே இருக்காது. நிஸாமின் புடவைக்கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, அவர் தங்கை ஸவாஹிரா ட்ரங்க் கோல் போட்டிருந்தாள். மறு கையில் ஒரு தபாலட்டை. அதை நாலு தரம் வாசித்திருப்பாள். எண்ணுவது நம் வேலையில்லை, இருந்தாலும் நாலு.

"லத்தீப் நானாட தபாலட்ட வந்திச்சு... ஆமா, ஆமா, எங்கட நானாக்குத்தான். 'நாவலின் கடைசி அத்தியாயத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, சொந்தக் கதை எழுதியது தங்கள் வயதுக்கு அழகல்ல'... சிரிக்காதீங்க ஸுபைரா!"

ஸுபைராவின் அண்ணன் லத்தீப் நடத்தும் அந்த வாடகை நூலகத்தில் பெண்கள் வீட்டு ஆண்களின் பேரில்தான் கார்ட் எடுப்பார்கள். ஆகவே, இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் நாவலை உருகி உருகி வாசித்தவர், லத்தீபைப் பொறுத்தவரை, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் நிஸாம்.

"... அவருக்கு ஒண்டும் தெரியாது. மரண அறிவித்தல் தவிர அவர் எனத்த வாசிக்கிறாரு?... ஓ, நான்தான் ஒட்டினேன். கோதும மா பசை... ஏனா? நீங்களும் வாசிச்சீங்கதானே! மழைக்கு ரெண்டு பேரும் ஒரே கொடையில வருவாங்களே, ஒருத்தி மத்தவள்ட நனைஞ்ச முந்தானையப் புழிஞ்சு விடுவாளே... ஆ, ஆ, அந்த எடம்! நான் மூணு தரம்... நீங்க அஞ்சா?... அப்ப சொல்லுங்க! இருநூறு பக்கம் அப்பிடிக் கொண்டு வந்து, கடைசியில ஒருத்திக்குக் காய்ச்சல் குடுத்து மௌத்தாக்கிட்டாரே எழுதின மனுசன்! போன கதையில கெணறு, இதுல காய்ச்சல். அதிசயமா ஒரு கத வரும், அதுலயும் ஒருத்தி சாகணும். ஆம்புளயும் பொம்புளயும் எண்டா மட்டும் கலியாணச் சாப்பாடு!"

அவள் எழுதிய முடிவில் யாரும் சாகவில்லை. இருவரும் தெமோதரையில் ரயிலிறங்கி, தையல் வகுப்பு நடத்துகிறார்கள்.

"... மன்னிப்புக் கடிதமா? இல்லாட்டி கார்ட் இல்லையா?... ம்... ம்... இல்ல, 'புள்ளைங்க கிறுக்கிட்டாங்க' எண்டு சொல்ல மாட்டேன். கிறுக்கலா அது? மூணு நாள் எழுதினேன்!... பக்கத்தக் கிழிச்சிட்டாரா?... அத நீங்க எடுத்து ஒளிச்சு வச்சீங்களா! ஏன்?... என்ட முடிவக் கேட்டு வாராங்களா? எத்தன பேர்?... ஆறா! எல்லாம் ஆம்புளப் பேர்லயா? யா அல்லாஹ், பண்டாரவளை ஆம்புளங்க எல்லாம் இப்ப இந்தக் கததான் வாசிக்கிறாங்களாக்கும்!"

கதவு கிரீச்சிட்டது. தொப்பியோடு நிஸாம் உள்ளே வந்தார். ரிசீவர் டக்கென்று கீழே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. ஸவாஹிரா தபாலட்டையை அண்ணன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"... நானா வந்திட்டாரு. நீங்க வைக்க வேணாம், இருங்க. எழுதினது நான்தான் எண்டு லத்தீப் நானாட்ட சொல்லுங்க. இந்தக் கார்ட வெட்டட்டும். புதுசு ஒண்டு போடுங்க... என்ட பேர்ல... ஆமா, பொம்புளப் பேர்லதான்... மொத ஆளா? சரி, மொத ஆள். எழுதுங்க... இல்ல, 'நிஸாமின் தங்கை' எண்டெல்லாம் வேணாம். வெறும் ஸவா—"

மூன்று நிமிடம் முடிந்து லைன் அறுந்தது. நிஸாம் தபாலட்டையிலிருந்து தலை நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் மறுபடி ரிசீவரை எடுத்துவிட்டாள்.

"ஹலோ, எக்ஸ்சேஞ்சா? பண்டாரவளைய திரும்பத் தாங்க... ஆமா, அவசரந்தான். இன்னும் ரெண்டெழுத்து பாக்கி."